களிமண்ணில் கால் நடுமுன்: முன்கூரை, முற்றம், வேலி பற்றிச் சில வார்த்தைகள்

நம் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று ஆசிரியர் கேட்டபோது, “ரயில் கதை போதும் சார், வீட்டுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதுங்கள்” என்று ஒரு நிபந்தனையும் போட்டார். நியாயமான நிபந்தனைதான். ஆனால் டிப்ளமா முடித்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை ரயில்பாதைப் பராமரிப்பிலேயே காலம் தள்ளிய எனக்கு வேறு என்ன தெரியும்? ஆகவே ரயிலைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் மலையேறி வந்து, சக்குபள்ளம், அணக்கரை, வண்டன்மேடு, குமுளி வட்டாரத்தில் ஐந்து சென்ட், பத்து சென்ட் வாங்கி வீடு கட்டியிருக்கும் நம் குடும்பங்களுக்கு, வீடு முடிந்த மறுவருஷமே மூன்று ஆசைகள் வந்துவிடும். வாசலில் சிட்-அவுட்டை ஒட்டி ஒரு தகரக் கூரை. முற்றத்தில் இன்டர்லாக் கல். சுற்றிலும் ஒரு வேலி. ஆசை என்று சொல்வதுகூடத் தவறு. இடவப்பாதி தொடங்கிவிட்டால் துணி காயப் போட, மிளகு பரப்ப, பிள்ளைகள் கால் நனையாமல் செருப்பைக் கழற்ற, இவையெல்லாம் தேவைதான். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காசில் எங்கள் பக்கம் தகரக் கூரைகள் காளான் மாதிரி முளைத்தன. அவற்றில் சில இன்றைக்குத் தொழுவத்துக் கூரை போலச் சாய்ந்து நிற்பதைக் காலை நடையின்போது பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி அப்படித்தான் நான்கு கம்பம் நட்டு, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு முன்கூரை போட்டார். இரண்டாவது மழையிலேயே ஒரு மூலை இறங்கிவிட்டது. “சார், குழாய் கனமாத்தான் வாங்குனேன், வெல்டிங்கும் நல்லா இருக்கு. எப்படி சாஞ்சுச்சுன்னே தெரியலயே” என்றார். குழாயையும் வெல்டிங்கையும் நான் பார்க்கவேயில்லை. குனிந்து கம்பத்தின் அடியைப் பார்த்தேன். ஒன்றரை அடிக் குழியில் குழாயை இறக்கிச் சுற்றிலும் கொஞ்சம் கலவை கொட்டியிருந்தார்கள். கலவைக்கும் மண்ணுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. அதற்குள் தண்ணீர் நின்றது. கூரையிலிருந்து கொட்டுகிற தண்ணீர் அத்தனையும் அந்தக் கம்பத்தடியில்தான் விழுந்துகொண்டிருந்தது.

“தம்பி, கம்பி சரியில்லன்னு யார் சொன்னா? தண்ணிக்கு நீங்க வழி விடல, அது தன் வழியப் பார்த்துக்கிட்டது” என்றேன்.

இங்குள்ள மண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குக் கரிசல் மண் தெரியும். மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அந்த மண்ணில் வீடு விரிசல் விடுவதற்குக் காரணம் அந்த ஊதலும் சுருங்கலும்தான். மலையில் நம் காலடியில் இருப்பது செம்மண் கலந்த களி. கரிசல் அளவுக்கு இது ஊதாது. வெயில் காலத்தில் கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும், அவ்வளவு கெட்டி. அதைப் பார்த்துத்தான் ஏமாந்துவிடுகிறோம். பத்து நாள் விடாமல் மழை பெய்து மண்ணின் துளைகளெல்லாம் தண்ணீரால் நிறைந்துவிட்டால், அதே மண் தன் பிடிப்பில் பெரும்பங்கை இழந்துவிடும். செம்மண்ணுக்கு அடியில் சில இடங்களில் வெளிறிய, சோப்புக்கட்டி போல வழுக்குகிற மண் வரும். மலையாளத்தில் சேடிமண் என்பார்கள். அதன்மேல் தண்ணீர் இறங்கினால் மேல்மண் அப்படியே சறுக்கும். இன்னொன்றும் உண்டு. நிலத்துக்கு அடியில் தண்ணீர் மண்ணைக் கரைத்துக் குழாய் போலக் குடைந்துகொண்டே போவது. ‘சாயில் பைப்பிங்’ என்று புவியியலாளர்கள் சொல்வார்கள். இடுக்கி, வயநாடு, கண்ணூர் மாவட்டங்களில் இதைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் முற்றத்தில் காரணமில்லாமல் ஒரு பள்ளம் விழுந்தால் எலி வளை என்று மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடாதீர்கள்.

ரயில்பாதை ஆட்களுக்கு முதல் நாளிலிருந்தே சொல்லித்தரும் பாடம், பாதைக்கு முதல் எதிரி தண்ணீர் என்பது. 1904-ல் திறந்த செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கேஜாக ஓடி, பிறகு அகலப் பாதையாகி 2018-ல் மறுபடி திறந்தார்கள். அந்தப் பாதையில் சுரங்கமும் பாலமும்தான் பயணிகள் கண்ணுக்குத் தெரியும். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது வாய்க்கால்கள். மலையை வெட்டிய இடத்தில், வெட்டுக்கு மேலே ஒரு வாய்க்கால். மேலிருந்து வரும் தண்ணீர் வெட்டு முகத்தில் இறங்காமல் அது பிடித்துக்கொண்டு போய்விடும். கீழே தண்டவாளத்துக்கு இரு பக்கமும் இன்னொரு வாய்க்கால். தாங்கு சுவர்களில் வரிசையாகத் துளைகள். மழை தொடங்குமுன் இவற்றைச் சுத்தம் செய்வதுதான் எங்கள் மே மாதத்து வேலை. மழை தொடங்கிய பின் இரவெல்லாம் டார்ச் லைட்டோடு ரோந்து நடப்பார்கள். வீட்டு முற்றத்துக்கும் இதே முறைதான், அளவு மட்டும் சிறிது.

ஆகவே கூரையோ வேலியோ போட நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலைக்குக் காசு செலவில்லை. நல்ல மழை பெய்கிற ஒரு நாளில் குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாகப் பக்கத்து நிலத்துக்கு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு காகிதத்தில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலையை ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் செய்யுங்கள். ஆனால் திட்டத்தை ஜூலையில் போடுங்கள். வெயிலில் போட்ட திட்டமெல்லாம் வெயிலுக்குத்தான் உதவும். கம்பம் வரப்போகும் இடத்தில் ஒரு அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி மறுநாள் காலையில் பாருங்கள். பாதிக்கு மேல் அப்படியே நின்றால் அந்த இடத்தில் மண் தண்ணீரைக் குடிக்காது என்று அர்த்தம்.

இனி கம்பத்துக்கு வருவோம். குழியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று பல கொத்தனார்கள் சொல்வார்கள். மணல் பாங்கான இடத்தில் அது சரி. களிமண்ணில் அந்த ஜல்லி ஒரு சிறிய கிணறாகிவிடும். சுற்றுவட்டத் தண்ணீரெல்லாம் அங்கே வந்து நிற்கும். சரிவான நிலமாக இருந்து, குழியிலிருந்து கீழ்ப்பக்கம் ஒரு குழாய் வழியாகத் தண்ணீரை வெளியே விட முடிந்தால் மட்டும் ஜல்லி போடுங்கள். இல்லாவிட்டால் இரும்பு மண்ணைத் தொடவே கூடாது. மின்சார ரயில் பாதையில் கம்பிகளைத் தாங்கும் கம்பங்களின் அடியை அடுத்த தடவை ரயிலில் போகும்போது கவனியுங்கள். தரைமட்டத்துக்கு மேலே ஒரு சிறு கான்கிரீட் தொப்பி இருக்கும், ‘மஃப்’ என்போம். நான்கு பக்கமும் சரிவாக இருப்பதால் தண்ணீர் அதன்மேல் நிற்காது. இரும்பு துருப்பிடிப்பது பெரும்பாலும் மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த நாலு அங்குலத்தில்தான். அதை மூடிவிட்டால் கம்பத்தின் ஆயுள் பல மடங்காகும்.

வீட்டுக்கு இன்னும் எளிதான வழி, கான்கிரீட் பீடத்தைத் தரைக்கு மேலே அரை அடி உயர்த்தி, அதில் நான்கு போல்ட்டுகளைப் புதைத்து, கம்பத்தின் அடித்தகட்டை அதன்மேல் வைத்து நட்டு முடுக்குவது. நாளைக்குக் கம்பம் கெட்டாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பீடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இங்கேதான் எல்லாரும் தலைகீழாக யோசிக்கிறார்கள். “தகரம்தானே சார், என்ன பாரம் வந்துவிடப் போகிறது” என்பார்கள். தகரக் கூரைக்குப் பயம் கீழே அழுத்தும் பாரம் அல்ல, மேலே தூக்கும் காற்று. செல்லார்கோவிலில் நின்று கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கும், ராமக்கல்மேட்டுக் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கும் நம் மலைவிளிம்புக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி, கேரளத்தில் கட்டடம் கணக்கிட அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 39 மீட்டர் என்று வைத்திருக்கிறது. மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர். அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ அழுத்தம் தரும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூரை என்றால் 11 சதுர மீட்டர். பக்கம் திறந்த கூரையைக் காற்று குடையைப் போலத் தூக்குகையில், மேல்நோக்கி ஏறத்தாழ 1,000 கிலோ இழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தகரமும் குழாயும் சேர்ந்து 200 கிலோ இருக்கலாம். மீதி 800 கிலோவை நான்கு பீடங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். தலைக்கு 200 கிலோ. ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டால் அது சுமார் 300 கிலோ நிற்கும். நம் தம்பி கொட்டியிருந்த கலவை ஒரு கம்பத்துக்கு 50 கிலோகூட வராது. அந்தக் கூரை சாய்ந்ததோடு நின்றது அவருடைய நல்ல காலம். பறந்திருந்தால் கீழ்வீட்டு ஓட்டின்மேல் போய் விழுந்திருக்கும். மேட்டின் உச்சியில் தனியாக நிற்கும் வீடென்றால் காற்று இன்னும் கூடும். பீடத்தையும் அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும்.

குழாய் வாங்கும்போது அளவை மட்டும் கேட்காமல் தகட்டின் கனத்தையும் கேளுங்கள். கம்பத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும். அங்கே துத்தநாகம் கலந்த பிரைமர் அடிக்காமல் அலுமினியப் பெயிண்டை மட்டும் பூசிவிட்டுப் போகும் ஆட்கள் அதிகம். பக்கத்தில் நின்று பாருங்கள். குழாயின் மேல்வாயை மூடிவிடுங்கள். அடியில் ஒரு சிறு துளை போட்டால் உள்ளே சேரும் ஈரம் வெளியேறும். கூரைச் சரிவு ஆறு அடிக்கு ஒரு அடியாவது இருக்கட்டும். தகரத்தின் ஸ்குரூ மேட்டில் வரட்டும், ரப்பர் வாஷரோடு. பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்டதாகும். தகரத்தைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே நான்கு அடிக்கு மேல் விடாதீர்கள்.

கூரைத் தண்ணீரை எங்கே விடுவது என்பது அடுத்த கேள்வி. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தச் சிறிய கூரையிலிருந்தே 550 லிட்டர் இறங்கும். வீட்டின் மொத்தக் கூரையையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் போகும். பாத்தி கட்டி, குழாய் இறக்கி, ஒரு தொட்டியில் பிடித்து, மிஞ்சியதை ஓடைக்கோ ரோட்டோர வாய்க்காலுக்கோ கொண்டுபோக வேண்டும். நம்மவர்களில் சிலர் குழாயை வேலிக்கு அப்பால் நீட்டிவிட்டு நிம்மதியாகி விடுகிறார்கள். மலையில் நமக்கு அப்பால் என்பது இன்னொருவருக்கு மேலே. அவர் வீட்டுப் பின்சுவரில் உங்கள் தண்ணீர் இறங்குகிறது. சென்ட் கணக்கில் நிலம் வாங்கி அடுத்தடுத்து வீடு கட்டியிருக்கும் இடங்களில், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே வாய்க்காலை எடுத்தால் செலவும் குறையும், சண்டையும் வராது. அந்தத் தம்பியும் கீழ்வீட்டுக்காரரும் அப்படித்தான் செய்தார்கள். பிறகுதான் கூரையைக் கழற்றிப் புதுப் பீடம் போட்டார்.

முற்றத்து இன்டர்லாக் கல் ஏன் அலை அலையாக இறங்குகிறது என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. ரயில்பாதையில் களிமண்மேல் நேராக ஜல்லி போட்டால், ஒவ்வொரு சக்கரமும் ஏறி இறங்குகையில் சேறு ஜல்லிக்குள் மேலேறி வரும். ‘பம்பிங்’ என்போம். அதைத் தடுக்க மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் ஒரு பரப்பு போடுவோம். அதற்குப் போர்வை என்றே பெயர். வீட்டிலும் அப்படியே: மேல்மண்ணை அரை அடிக்கு மேல் எடுத்துவிடுங்கள். அடிக்களியையே வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக ஐம்பது அடிக்கு ஒரு அடி சரித்து இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். அதன்மேல் இரண்டங்குலம் பாறைப்பொடி அல்லது ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதன்மேல் ஐந்தாறு அங்குலம் ஜல்லி, பிறகு ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட், கடைசியில் கல். ஓரத்தில் கான்கிரீட் கரை கட்டாவிட்டால் கல் வெளிப்பக்கம் நகர்ந்துவிடும். ஆட்டோவோ ஜீப்போ ஏறாத முற்றமென்றால் ஜல்லி கொஞ்சம் குறையலாம். மரப்பலகைத் தரை போட ஆசைப்படுபவர்கள் தேக்கு, ஆஞ்சிலி தவிர வேறு எதையும் நினைக்க வேண்டாம். தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் ஈரத்தில் நிற்காது. பலகைக்குப் பலகை கால் அங்குலம் இடைவெளியும், அடியில் காற்றோட்டமும் விடுங்கள்.

வேலி விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. சரிவுக்குக் குறுக்கே ஹாலோ பிளாக்கில் ஆள் உயரச் சுவர் கட்டுவது வேலி கட்டுவதாகாது, அணை கட்டுவதாகும். பின்னால் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து ஒருநாள் அதைத் தள்ளிவிடும். கட்டித்தான் தீர வேண்டுமென்றால், அடியில் மூன்று அடிக்கு ஒன்றாக வீப் ஹோல் விட்டு, சுவரின் பின்னால் இரண்டு அடி அகலத்துக்கு உடைகல் அடுக்குங்கள். துளை மட்டும் விட்டுப் பின்னால் களியையே நிரப்பினால் ஒரு மழையில் அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்துக்கு முன் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். இடுக்கிக் குடியேற்ற விவசாயிகள் சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டும் கய்யாலை இந்த மண்ணுக்கு மிகவும் பொருத்தமானது. தண்ணீர் கல் இடுக்கு வழியே வெளியேறும், மண் நிற்கும்.

எல்லையை மட்டும் காட்ட வேண்டுமென்றால் உயிர்வேலியே போதும். சீமைக்கொன்றைக் கிளைகளை ஐந்தடி நீளத்தில் வெட்டிப் புதுமழையில் நட்டால் ஒரு வருஷத்தில் வேலியாகிவிடும், வேர் மண்ணைப் பிடிக்கும், தழை ஏலச் செடிக்கு உரமாகும். முன்பு எல்லாரும் கல்யாணமுருங்கை நட்டார்கள். 2005-ஐ ஒட்டி வந்த ஒரு சிறு குளவி அதன் இலைகளிலெல்லாம் முடிச்சு போட்டு மரங்களைப் பட்டுப்போக வைத்ததால் இப்போது அதை நம்ப முடியவில்லை. சரிவு விளிம்பில் இரண்டு வரிசை வெட்டிவேர் வையுங்கள். வேர் ஆழமாக நேரே கீழே இறங்கும். பன்றி வருகிறதென்று வீட்டு மின்சாரத்தைக் கம்பிவேலியில் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம், ஆளையே கொல்லும். முறையான சோலார் வேலிக் கருவி விட்டு விட்டுச் சிறு அதிர்ச்சி மட்டும் தரும். அதைப் போடுவதென்றாலும் அனுமதி கேட்டே போடுங்கள்.

முற்றம் பெரிதாக வேண்டுமென்று வீட்டின் பின்னால் ஜே.சி.பி. வைத்து மலையைச் செங்குத்தாக வெட்டுவதைப் பற்றி மட்டும் சற்றுக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை இறங்கி, லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேரை நாம் இழந்தோம். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அது நெடுந்தொலைவு உயரத்திலிருந்து வந்தது. எந்த வீட்டுச் சுவரும் அதைத் தடுத்திருக்காது. ஆனால் ஒவ்வொரு மழையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பின்சுவரில் மண் சரிந்து அடுக்களையில் ஆள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நாமே வெட்டிய வெட்டினால்தான். பத்தடி உயரம் செங்குத்தாக வெட்டாமல் இரண்டு படியாக வெட்டுங்கள். வெட்டுக்கு மேலே ஒரு வாய்க்கால் எடுத்துத் தண்ணீரை ஓரமாகத் திருப்புங்கள். வெட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்கும் இடமாவது விடுங்கள். அங்கே கூரை போட்டு விறகுக் கொட்டகை ஆக்காதீர்கள், மண் நகர்வது கண்ணுக்குத் தெரியாமல் போகும். மேலே நிலத்தில் புதிதாக விரிசல், மரம் சாய்தல், ஊற்று திடீரென்று கலங்கி வருதல், கதவு காரணமில்லாமல் பிடித்தல், இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அன்றிரவு அந்த வீட்டில் படுக்க வேண்டாம். குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்கோ முகாமுக்கோ போய்விடுங்கள்.

கட்டுமுன் பஞ்சாயத்திலும் கிராம அலுவலகத்திலும் கேட்டுக்கொள்வது அவசியம். 1964-ம் ஆண்டு நிலப் பதிவு விதிகளின்படி கொடுத்த பட்டய நிலங்களில் என்ன கட்டலாம் என்பது இடுக்கியில் நீண்டகாலப் பிரச்சினை. 2023-ல் கேரள சட்டசபை அதற்கான சட்டத்தைத் திருத்தியது. உங்கள் பட்டயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கான்கிரீட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். மலையாளம் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். பீடக் கணக்கில் சந்தேகம் இருப்பவர்கள் கூரையின் நீள அகலத்தையும், மழைநாளில் போட்ட அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.